தூத்துக்குடி கண்ணாஸ்பத்திரி

மே 25, ஞாயிறு

காலையிலேயே ஓர் அதிர்ச்சி. கீழ ரத வீதிக் கடையில் உளுந்த வடை சிறுத்துவிட்டது. கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் அங்கேதான் வடை தின்கிறேன். உள்ளங்கையை நிறைத்துக்கொண்டிருந்த வடை, இன்று உள்ளங்கையின் நடுவில் அநாதையாக உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி இது, வடையா மோதிரமா?" என்று கேட்டேன்.

"உளுந்து வெல என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சட்னியில் மட்டும் குறை சொல்ல முடியாது. அதனால் இரண்டு கூடுதலாகத் தின்றுவிட்டு வந்தேன்.

மதியம் அம்மா சொதி வைத்திருந்தாள். தேங்காயில் மூன்று பாலும் எடுத்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. திருநெல்வேலியில் பிறந்ததற்கு வேறு நியாயம் வேண்டியதில்லை. ஆனால் கீரைப் பொரியலில் வாய்க்கு வாய் காம்பு. அப்பா இருந்தவரை கீரை ஆய்வதும் அரிசியில் கல் பொறுக்குவதும் அவர் வேலை. அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் செய்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்பா மாசியில் காலமானார். அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அம்மா ஓர் அறை, நான் ஓர் அறை. அதனால்தான் இந்த டயரி. சாப்பிட்டதை மட்டும் எழுதுவது என்று வைத்திருக்கிறேன். மற்றதை எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது.

மே 31, சனி

பாளையங்கோட்டை போகும் வழியில் பதநீர். பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காயைச் சீவிப் போட்டுக் கொடுத்தான். இதைக் குடிக்காமல் வெயிலைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வீட்டுக்கு நுங்கு வாங்கி வந்தேன்.

கோமதி அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா, அடுத்த தெரு. நுங்கைத் தோலுரித்துக்கொண்டே, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதையை மறுபடியும் என்னிடம் ஆரம்பித்தாள்.

"இவ மாதிரி ஒருத்திய நான் பாக்கல ஆவுடையப்பா. தூத்துக்குடியில மீன் வாடையிலயே பொறந்து வளந்தவ. எங்க தம்பி பிடிவாதம் பிடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தான். எங்கம்மா ஒரே ஒரு வார்த்ததான் சொன்னா. இது சைவ வீடுன்னா. அன்னைக்கு விட்டவதான். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேச்சே கெடையாது. என்னா கனி?"

அம்மாவின் பெயர் சண்முகக்கனி. அவள் நுங்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு இந்தக் கதையில் பெருமை உண்டு. அலுவலகத்தில் யாராவது சைவம், அசைவம் என்று பேச ஆரம்பித்தால் அம்மாவைத்தான் எடுத்து விடுவேன். மனவுறுதி என்றால் எங்கள் அம்மா என்பேன்.

ஜூன் 7, சனி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நூலகத்து நண்பர்களோடு போனேன். அருவியில் நின்று நடுங்கிவிட்டு, துவட்டிய ஈரத்தோடு சூடான மிளகாய் பஜ்ஜி. வேறு எந்த இடத்தில் தின்றாலும் அது வெறும் பஜ்ஜிதான். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தேன்.

பழத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதைச் சுற்றி வந்த செய்தித்தாளை வலது கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலாந் தேதியோட முடியுதாம்" என்றாள்.

"என்னதும்மா?"

"ஒண்ணுமில்ல. படகெல்லாம் கடலுக்குப் போகக் கூடாதுன்னு தடை போட்டிருந்தாம்லா. அது."

பிறந்த ஊர்ப் பாசம். பாவமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா இன்று சிரித்தாள். நான் வடைக்கடைக்காரரைப் பற்றி ஏதோ சொன்னதற்குத்தான், ஆனால் அந்தச் சிரிப்புக்கு அது போதாது. பிறகு அவளாகவே, "எய்யா, தூத்துக்குடிக்குக் கண்ணு காட்டப் போகணும்" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் பல வருஷமாக மாதம் ஒருமுறை தூத்துக்குடிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். ஆபரேஷன் நடந்தது பாளையங்கோட்டையில்தான். ஆனால் பிற்பாடு பார்ப்பதற்குத் தூத்துக்குடி டாக்டர்தான் கைராசிக்காரர் என்று அப்பா அடித்துச் சொல்வார். திரும்பி வரும்போது அப்பா கையெல்லாம் எலுமிச்சம்பழ மணம் அடிக்கும். பஸ்ஸில் தலை சுற்றாமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாராம்.

நானும் வருகிறேன் என்றேன். "ஒனக்கு எதுக்குய்யா அலைச்சல்? நான் போயிட்டு வந்திருவேன்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

ஜூன் 21, சனி

அம்மாவைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டேன். ஞாபகமாக ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பஸ் கிளம்பும்போது கண் கலங்கியிருந்தது. அப்பா இல்லாமல் போகிற முதல் தடவை அல்லவா?

மதியம் நான் வெளியில் சாப்பிட்டேன். ரத வீதி மெஸ்ஸில் அவியல், கூட்டாஞ்சோறு, அப்பளம். அவியலில் தயிர் புளித்துவிட்டது. சொன்னேன். இனி சொல்லமாட்டேன், அவர்கள் முகம் சரியில்லை.

அம்மா சாயங்காலம் வந்தாள். வழக்கமான தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தோடுதான் வந்தாள். ஆனால் முகம் வாடியிருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்றால், தலையை மட்டும் ஆட்டினாள். தொண்டை கட்டிக்கொண்டதாம். கடைக்குப் போய் நாட்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னாள். தொண்டைக் கட்டுக்கு வாழைப்பழமா? ஒரு பழத்தை மெல்லாமல் அப்படியே விழுங்கப் பார்த்தாள். பார்க்கவே பயமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு வடைக்கடைக்குப் போகவில்லை. அம்மா குழம்பில்லாமல், மோரில்லாமல், வெறும் சோற்றை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி உருட்டி விழுங்குகிறாள். விழுங்கும்போது கண்ணில் நீர் வழிகிறது. கோமதி அத்தை சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்று கையமர்த்தினாள்.

"பஸ்ல சன்னலோரம் இருந்திருப்பா. ஈரக் காத்து" என்று அத்தை முடிவு சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜூன் 23, திங்கள்

காய்ச்சல். தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எழுதலாமா என்றே தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவின் தொண்டையைப் பார்த்தார். "அடடா" என்றார். மருந்தடித்து மரத்துப்போக வைத்து, நீளமான இடுக்கியை உள்ளே விட்டு எதையோ எடுத்தார். பஞ்சின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். ஊசி மாதிரி, ஒரு பக்கம் லேசாக வளைந்து, வெள்ளையாக இருந்தது.

"என்ன டாக்டர் இது? முருங்கைக்காய் நாரா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"விளையாடுதியளா சார்? மீன் முள்ளு. சாளை முள்ளா இருக்கும்."

"நாங்க சைவம் டாக்டர்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். டாக்டர் கைகழுவிக்கொண்டே, "முள்ளு குத்துனா சோத்த உருட்டி முழுங்குனாப் போயிரும், வாழப்பழம் முழுங்குனாப் போயிரும்னு இன்னமும் நம்பிக்கிட்டு இருக்காங்க. அது இன்னும் ஆழமாத்தான் குத்தும். யாரும் செய்யச் சொன்னாங்களா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. மீன் தின்கிற எந்த வீட்டிலும் பச்சைக்குழந்தைகூட முதல் உருண்டையிலேயே கண்டுபிடித்திருக்கும். நான் மூன்று நாளாகக் கஷாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. எந்த ஊர்க் கண்ணாஸ்பத்திரியில் மீன் போடுகிறார்கள்?

ஜூன் 25, புதன்

ஒன்றும் சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று கேட்டுவிட்டேன். அம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா நடக்கு இது? ஒனக்கு நாக்கு முக்கியமாப் போச்சாம்மா? அப்பா போயி வருஷங்கூடத் திரும்பல. அவரு இருந்து இதக் கேட்டிருந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பாரு."

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. அடிபிடிக்காமல் கஞ்சியைக் கிண்டி முடித்து, அடுப்பை அணைத்தாள்.

"இனிமே போவல" என்றாள்.

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சமாதானம், ஒரு மன்னிப்பு, எதுவுமே இல்லை. எனக்கு மேலும் கோபம் வந்தது. கழுவுகிற இடத்தில் அவளுடைய டம்ளரை எடுத்துத் தனியாக வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

வடை. ருசி தெரியவில்லை.

அம்மா தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். நான் தடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம். ஊரே ரத வீதியில். துக்க வருஷம் என்பதால் நாங்கள் வடம் தொடவில்லை. சுடச்சுட அல்வா மட்டும் வாங்கி வந்தேன். இலையில் நெய் மிதந்தது. வேறு நாளாக இருந்தால் அம்மா விரலை வழித்து நக்குவாள். இன்று நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று இலையை மடித்துவிட்டாள்.

பத்து நாளாக இப்படித்தான். சமைக்கிறாள், எனக்குப் பரிமாறுகிறாள், தனக்கு ரெண்டு கரண்டிச் சோறு. போன வாரம் காபியை நிறுத்தினாள். நேற்றிலிருந்து காலைப் பலகாரமும் வேண்டாமாம். கோமதி அத்தை, "என்னலே ஒங்கம்மா வத்தலாப் போயிட்டா? ஜாக்கெட்டெல்லாம் தொங்குது" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

அப்பாவும் கடைசியில் இப்படித்தான் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றார். முதலில் காபி, பிறகு இட்லி. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைத் தவிர இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவின் செல்போன் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. காஸ் பதிவு அந்த நம்பரில் இருக்கிறது என்று சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். இன்று பத்து மணி வாக்கில் அது அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் பெயர் வந்தது: கண் ஆஸ்பத்திரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியொரு ஆஸ்பத்திரி உண்மையிலேயே இருக்கிறதா? அம்மாவை அநியாயமாகத் திட்டிவிட்டேனா? அவசரமாகக் காதில் வைத்தேன்.

"அண்ணாச்சி, எஸ்தர் பேசுதேன். சொகமா இருக்கியளா? நல்ல நெய்ச்சாளை வந்திருக்கு அண்ணாச்சி. அக்காவுக்குப் பிடிச்ச மாதிரிப் புளி ஊத்தி வைக்கேன். சனிக்கெழம கூட்டிட்டு வாங்க. போன தடவ அக்கா தனியால்லா வந்தாவ. ஒங்களுக்கு பஸ்ஸு ஒத்துக்கலன்னாவ. இப்போ பரவால்லயா?"

என் குரல் அப்பா குரல் மாதிரியே இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். "பரவாயில்ல" என்றேன்.

"தயிர்ச்சோறு வீட்லருந்து கொண்டாருவியளா, நான் பொங்கவா? ஒங்க பானை அப்படியேதான் தனியா இருக்கு. அதுல வேற எதுவும் நான் பொங்கல."

"கொண்டு வருதேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அப்பா. விடிந்ததும் குளித்து, பட்டையாகத் திருநீறு பூசி, பதிகம் பாடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத அப்பா. மீன்கூடைக்காரி எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிற அப்பா. அவருக்கு ஒரு மீன் மெஸ்ஸில் தனிப் பானை இருக்கிறது. தன் போனில் அதற்குக் கண்ணாஸ்பத்திரி என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார்.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பேயறைந்தவன் போலப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். என்ன குழம்பு என்று ஞாபகமில்லை.

ஜூலை 19, சனி

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டேன்.

"அம்மா, போன ஞாயித்துக்கெழம கண்ணாஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சு. அப்பா நம்பருக்கு."

அம்மாவின் கையிலிருந்த அப்பளம் உடைந்தது.

"எஸ்தரா?" என்றாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "ஒங்கப்பா தொட்டதில்ல. அத மொதல்ல மனசுல வச்சுக்கோ. ஒரு நாளும் நாக்குல வச்சதில்ல. நான் திங்கறதப் பாத்துக்கிட்டு இருப்பாவ, அம்புட்டுத்தான்."

கல்யாணமான புதிதில் அவள் ஒன்றும் கேட்கவில்லையாம். விட்டது விட்டதுதான் என்று இருந்தாளாம். அப்புறம் மசக்கை. எதைத் தின்றாலும் வாந்தி. சாளைப் புளிக்குழம்பு நினைப்பாகவே கிடந்திருக்கிறாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. அப்பாதான் கண்டுபிடித்து, பிரசவத்துக்கு முன்னால் ஒருதரம் அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சாக்குச் சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறார்.

"அன்னைக்குத் தின்ன மாதிரி நான் என்னைக்கும் தின்னதில்ல" என்றாள்.

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை.

"அப்போ அது நானாம்மா?"

"வேற யாரு?"

தலையில் இடி விழுந்தது போல் இருந்தது. முப்பத்தேழு வருஷமாக முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவன் நான். பிறப்பதற்கு முன்னாலேயே சாளை தின்றிருக்கிறேன்.

பிறகு தூத்துக்குடியில் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் வீடு இருந்தவரை அதைச் சொல்லிப் போயிருக்கிறார்கள். அந்த வீடு இல்லையென்று ஆனதும் கண்ணாஸ்பத்திரி. பெயர் வைத்தது அப்பாதான். அம்மாவுக்குக் கண் மங்கியது அதற்கும் பிற்பாடுதான் என்று சொல்லும்போது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

"நான் அவ்வளவு பேசுனேனே, அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"என்னையப் பத்தி என்ன வேணும்னாலும் நெனச்சுக்கோ. அவுகளப் பத்தி ஒரு சொல்லு ஒங்க அத்த காதுல விழுந்திரக் கூடாது. ஊருக்குள்ள அவுக பேரு என்னன்னு ஒனக்குத் தெரியும்லா."

"எஸ்தரக்காகிட்ட அப்பா போனத ஏம்மா சொல்லல?"

உடைந்த அப்பளத் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றுசேர்த்தாள்.

"அங்க போயி ஒக்காந்தா, அவுக கை கழுவப் போயிருக்காவன்னு இருக்கும். இப்ப வந்திருவாவன்னு இருக்கும். சொல்லிட்டா அங்கயும் இல்லாமப் போயிருவாவய்யா."

எழுந்து போய்த் தட்டு எடுத்துவைத்தாள். எனக்கு ஒன்று, கொஞ்சம் தள்ளி அவளுக்கு ஒன்று. நான் அவள் தட்டை இழுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் இன்றும் ரெண்டு கரண்டிதான் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாயங்காலம், "நாளைக்குத் தூத்துக்குடி போவமாம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். "இனிமே போவலன்னு சொல்லிட்டேன்லா."

அன்றைக்கு நான் பேசியது அப்படியே அவளுக்குள் நிற்கிறது. அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று அவளுக்குத் தலைசுற்றல் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் கேட்கப்போவதில்லை, கூட்டிப்போகப்போகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் நானே சோறு குழைய வைத்து, பாலும் தயிரும் விட்டுப் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அப்பாவின் தூக்குவாளி அது. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

துறைமுகம் போகும் சாலையிலிருந்து உள்ளே ஒரு சந்து. நீலக்கதவு போட்ட சின்ன வீடு, முன்னறையில் நான்கு மேசை. வாசலிலேயே வாடை முகத்தில் அறைந்தது. மூக்கைப் பொத்தக் கூடாது என்று இரண்டு கையாலும் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா நேராகப் போய்ச் சுவரோர மேசையில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் நான்.

எஸ்தரக்கா கரண்டியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி எங்கக்கா?"

அம்மா மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "மாசியில போயிட்டாவ எஸ்தரு. இது எம் மவன்."

"அன்னைக்கு போன்ல பேசுனது..." என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எஸ்தரக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அம்மா அப்போதுதான் அழுதாள். மாசியில் எல்லாரும் கூடியிருந்தபோது அழுததைவிட இன்று அதிகம் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் இரண்டு வாழையிலை வந்தது. அம்மா இலையில் சோறு, புளிக்குழம்பு. பொரித்த சாளை ஒரு தட்டில் வந்தது. அதை எஸ்தரக்கா என் பக்கம் வைத்தார். நான் பதறிப்போய் அம்மா பக்கம் தள்ளினேன். அவர் மறுபடியும் என் பக்கமே நகர்த்தினார்.

"மொதல்ல நீங்க தயிர்ச்சோத்தச் சாப்பிட்டு முடிங்க தம்பி. அண்ணாச்சி அப்படித்தான் செய்வாவ. பொறவுதான் கை வைப்பாவ."

"எதுல கை வைப்பாரு?"

"அக்காவுக்கு முள்ளு தெரியாதுல்லா. அண்ணாச்சிதான் எடுத்துக் குடுப்பாவ. ஒவ்வொரு மீனா, ஒரு முள்ளு விடாம. நானே எடுத்துத் தாரேன்னு எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். விடமாட்டாவ."

தினமும் திருநீற்றுக் கிண்ணத்துக்குள் போன விரல்கள். அந்த விரல்களால்.

ஜூனில் அவள் தனியாக வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, எஸ்தரக்கா எடுத்துத் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டு, ஒற்றைக்கண்ணால் தடவித் தடவித் தின்றிருக்கிறாள். முள் குத்தாமல் என்ன செய்யும்?

"வேண்டாம்யா" என்றாள் அம்மா. "நீ தொடாத. நான் குழம்ப மட்டும் ஊத்திச் சாப்பிட்டுக்கிடுதேன்."

தயிர்ச்சோற்றை மூச்சுப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். அம்மா அதுவரை இலையில் கை வைக்காமல் காத்திருந்தாள். பழக்கம்தான் போலிருக்கிறது. பிறகு ஒரு சாளையை எடுத்தேன். வழுக்கியது. அதன் கண் என்னையே பார்த்தது.

"வயித்தப் பொளந்துக்கோ. வாலப் பிடிச்சு நடுமுள்ள மெதுவா உருவு. அவசரப்படாத, ஒண்ணா வந்திரும்" என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

வந்தது. சீப்பு மாதிரி முழுசாக வந்தது. பக்கத்து முட்களைத் தடவித் தடவி எடுத்தேன். மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அவள் இலையில் வைத்தேன். அம்மா சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மென்றுகொண்டே இருந்தாள். வீட்டில் எத்தனையோ சொதி, எத்தனையோ அல்வா, நான் வாங்கிப்போன அத்தனை பழம். எதற்கும் அவள் முகம் இப்படி ஆகிப் பார்த்ததில்லை. ஊரில் எந்தக் கடையில் எது ருசி என்று எனக்கு அத்துப்படி. அம்மாவுக்கு எது ருசி என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"இன்னொண்ணு" என்றாள்.

இன்னொன்று எடுத்தேன். பிறகு இன்னொன்று. இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். எஸ்தரக்கா அடுக்களை வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தார்.

கடைசியில் எஸ்தரக்கா என் பக்கத்தில் ஓர் அரை எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். கொல்லைக் குழாயடியில் நின்று விரலிடுக்கெல்லாம் அழுந்தத் தேய்த்துக் கழுவினேன். வாடை போய்விட்டதா என்று கையை மூக்கருகில் கொண்டுபோனேன். அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா. நான் நூலகம் விட்டு வரும்போது தோளைத் தட்டிய கை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மக்ரூன் பொட்டலத்தை நீட்டிய கை. குழாயைத் திறந்து விட்டுவிட்டு நன்றாக அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கோமதி அத்தை. உடன்குடிக் கருப்பட்டி வந்ததென்று எடுத்து வந்திருந்தாள்.

"எங்க போனீய ரெண்டு பேரும்?"

"கண்ணாஸ்பத்திரிக்கு அத்தை."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாசாமாசம் தவறாம வரச் சொல்லிருக்காரு."

அம்மா தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டாள். அத்தை கருப்பட்டியை என் கையில் வைத்தாள். வைத்தவள் என் கையை விடாமல் பிடித்து முகர்ந்தாள்.

"என்னலே, கையெல்லாம் எலுமிச்சம்பழ மணம்?"

"பஸ்ல தல சுத்திருச்சு அத்தை."

"ஒங்கப்பனுக்கும் இப்படித்தாம்லே. தூத்துக்குடி பஸ்ஸுல ஏறுனாலே அவனுக்கு ஆகாது. பாவம், அந்தக் கண்ணாஸ்பத்திரிக்காக எவ்வளவு கஷ்டப்பட்டான்!"

அப்போது உள்ளே அம்மா இருமும் சத்தம் கேட்டது. விடாமல் இருமினாள். ஒரு முள்ளை விட்டுவிட்டேனோ என்று நெஞ்சு திக்கென்றது. கருப்பட்டியைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அரிசிப் பானையைப் பிடித்தபடி குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.